2-க்குப் பதில் 4 போட்டால் என்ன சார் ஆகும்?



நேற்று இரவு பேத்தி வீடியோ காலில் வந்தாள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. "தாத்தா, √2 விகிதமுறா எண்ணுன்னு நிரூபிக்கிறதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஒரு தப்பும் இல்லை.

"சரிம்மா, 2 வர்ற இடத்துல எல்லாம் 4 போட்டுச் சொல்லு பார்ப்போம்" என்றேன்.

இந்தக் கேள்வி என்னுடையது அல்ல. 1986-ல் என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது.

மறந்துபோனவர்களுக்காக (பேங்க் மேனேஜர்களும் இதில் அடக்கம்) அந்த நிரூபணத்தை எழுதிவிடுகிறேன். √2 = ப/க என்று வைத்துக்கொள்வோம். ப, க இரண்டும் முழு எண்கள். நன்றாகச் சுருக்கிய பின்னம், அதனால் 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லை. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ப² = 2க². எனவே ப² என்பது 2-ஆல் வகுபடும். ஆகவே ப-யும் 2-ஆல் வகுபடும். ப = 2ம என்று போட்டால் 4ம² = 2க², அதாவது க² = 2ம². இப்போது க-வும் 2-ஆல் வகுபடுகிறது. பொதுக் காரணியே இல்லை என்றோம், 2 வந்து நிற்கிறது. முரண்பாடு. √2 விகிதமுறா எண்.

அன்று இதைக் கரும்பலகையில் எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவன் எழுந்தான். "சார், 2-க்குப் பதில் 4 போட்டாலும் இதே மாதிரிதானே வருது? ப² 4-ஆல் வகுபடும், ஆகவே ப 4-ஆல் வகுபடும், க-வும் வகுபடும். அப்ப √4-ம் விகிதமுறா எண்ணா சார்? √4 வந்து 2 ஆச்சே."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பரீட்சைக்கு வர்றதைப் படிடா, அதிகப்பிரசங்கி" என்று சொல்லி, மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன். வகுப்பே சிரித்தது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதே பதில் கிடைத்துவிட்டது. கோளாறு அந்த 'ஆகவே'யில் இருக்கிறது. 36 என்பது 4-ஆல் வகுபடும், ஆனால் 6 வகுபடாது. 4-க்கு அந்த 'ஆகவே' செல்லாது. 2-க்கு ஏன் செல்லும்? ஒற்றைப்படையை ஒற்றைப்படையால் பெருக்கினால் ஒற்றைப்படைதான் வரும். ஆக, ப² இரட்டைப்படை என்றால் ப ஒற்றைப்படையாக இருக்கவே முடியாது. 3, 5, 7 என்று எந்தப் பகா எண்ணுக்கும் அந்த 'ஆகவே' செல்லும். நிரூபணத்தின் உயிரே அந்த ஒரு வரிதான். அத்தனை வருடமும் அதைச் சொல்லாமல், 'ஆகவே' என்று மட்டும் எழுதிக் கடந்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேனா என்றால், இல்லை. முக்கோணவியல் ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பேத்தி என்னைவிடச் சுறுசுறுப்பு. 36-ஐயும் 6-ஐயும் அவளே கண்டுபிடித்தாள். அதோடு விடவில்லை. "தாத்தா, 8-க்கும் இது செல்லாதே! 16 வகுபடும், 4 வகுபடாது. அப்ப √8 விகிதமுறு எண்ணா?" என்றாள்.

இந்த இடத்தில் பெரியவர்களே சறுக்குவார்கள். ஒரு நிரூபணம் உடைந்தால், சொன்ன கூற்று பொய் என்று ஆகிவிடாது. இந்த வழியில் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். √8 என்பது 2√2. √8 ஒரு பின்னமாக இருந்தால், அதில் பாதியான √2-வும் பின்னமாக இருக்க வேண்டும். அது முடியாது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆக √8-ம் விகிதமுறா எண்தான். "இதை ஏன் தாத்தா புக்ல போடல?" என்றாள். எனக்கும் அதே வருத்தம்தான்.

அன்று நின்ற மாணவர் இந்த நட்பு வட்டத்தில்தான் இருக்கிறார். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்துப் போடுகிறார். பெயரைச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. நிற்க வைத்தது என் தப்பு. மறுநாளே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு ஒரு கணக்கு. √12 விகிதமுறா எண் என்று, 12-ஆல் வகுபடுவதைப் பற்றிப் பேசாமல், 3-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நிரூபித்துப் பாருங்கள். 'ஆகவே' வரும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் நின்று பாருங்கள்.