கள்ளியில் பூத்த ரோஜா

கள்ளி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? இலையில்லாத தடித் தண்டு, தொட்டால் குத்தும் முள், ஊர்க் கோடியில் ஒரு வேலி. இவ்வளவுதானே? அந்தக் கள்ளிக் குலத்தில் பிறந்த ஒரு செடி, ஒரு நாட்டின் தேசிய மலராகவே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதைப் பார்க்கக் கரீபியன் கடலுக்குப் போக வேண்டும். அங்கே ஹிஸ்பானியோலா என்று ஒரு பெரிய தீவு. மேற்கே ஹெய்ட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. தலைநகரான சான்டோ டொமிங்கோவிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று, லா ரோமானா நகரத்தையும் தாண்டினால் பயாஹிபே வருகிறது. ஆதியில் இது சின்னஞ்சிறு மீனவர் கிராமம். இன்றோ வெண்மணலையும் நீலக் கடலையும் தேடி வெளிநாட்டுப் பிரயாணிகள் வந்து குவிகிறார்கள். சாவோனா தீவுக்குப் படகு ஏறுவதும் இங்கிருந்துதான்.

மணலை விட்டுச் சற்று உள்ளே போனால் சுண்ணாம்புப் பாறையும் வறண்ட புதர்க் காடும். அங்கேதான் நம் கதாநாயகி இருக்கிறாள். தண்டெல்லாம் முள், ஆனால் கிளை நிறையப் பச்சை இலை! கிளை நுனியில் இளஞ்சிவப்புப் பூ. "இது கள்ளி" என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். நம் ஊர்ச் சதுரக் கள்ளியும் திருகு கள்ளியும் உண்மையில் வேறு குடும்பம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த சப்பாத்திக் கள்ளிதான் இவளுக்கு உறவு. கள்ளிகளின் மூதாதைகள் ஏறக்குறைய இப்படித்தான் இலையும் கிளையுமாக இருந்திருக்க வேண்டும் என்பது தாவர நிபுணர்களின் கருத்து.

1977-ல் இந்தச் செடியை உலகுக்குக் காட்டியவர் அலேன் லியோஜியே என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர். தீவின் பழைய பெயர் என்று கருதப்படும் 'கிஸ்கேயா'வையே சாஸ்திரப் பெயரில் சேர்த்தார். ஊர் ஜனங்களுக்கு என்றும் அது 'பயாஹிபே ரோஜா'. 2011-ல் சட்டசபையே சட்டம் போட்டு இதைத் தேசிய மலராக்கியது. அதுவரை அந்த ஸ்தானத்தில் இருந்தது மஹாகனிப் பூ. மஹாகனிக்கும் மனக்குறை வேண்டாமென்று அதைத் தேசிய மரமாக்கிவிட்டார்கள்!

பட்டம் கிடைத்துவிட்டது, பிழைப்புத்தான் திண்டாட்டம். இது தானாக முளைக்கும் இடம் அந்தச் சிறிய கரையோரந்தான். ஓட்டல் கட்ட ஏற்ற இடமும் அதே கரையோரம். புதரை வெட்டினால் ரோஜாவும் போச்சு.

"ஒரு கிளையை ஒடித்து நட்டால் போகிறது!" என்பீர்கள். கிளை பிழைக்கும். ஆனால் நம் பனையைப் போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் கிளை ஆணாகவே வளரும்; பெண்ணின் கிளை பெண்ணாகவே வளரும். தோட்டம் முழுக்கப் பூத்துக் குலுங்கினாலும், ஜோடி பக்கத்தில் இல்லாவிட்டால் காயும் இல்லை, விதையும் இல்லை. நட்டுக்கொண்டே போனாலும் பழைய செடியின் நகல்தான் மிஞ்சும். புதுத் தலைமுறை பிறக்காது.

ஆகையால் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பது மட்டும் போதாது. ஆணும் பெண்ணும் அருகருகே வேண்டும். இடையே தேனீ பறக்கக் காடும் வேண்டும். சட்டம் பட்டத்தைக் கொடுத்துவிடும். குடித்தனம் நடத்த இடம் கொடுக்க வேண்டியவர்கள் அந்தக் கரையில் வசிக்கும் மனிதர்கள்தான்.