பால் தானே இறங்கட்டும்

பசித்த பிள்ளைக்குப் பால் ஊட்டுதல் கற்றுக்கொள்ள வேண்டியதொரு வித்தையா என்று கேட்பாரும் உளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம், தெல்தெனியவில் எமது தங்கையின் இல்லத்தில், ஒரு காலைப் பொழுதிலே சில நொடிகளுள் அழிந்தது. அதனை எடுத்துரைத்தல் பிறர்க்கும் பயன்படும் எனக் கருதியே எழுதத் துணிந்தோம்.

2023 ஆம் ஆண்டில் தங்கைக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. பிறந்த அன்றே வாயில் நுரை தள்ளிற்று; மூச்சும் திணறிற்று. உணவுக்குழாய் இடையிலே துண்டுபட்டு, மேற்பகுதி பைபோல மூடிக்கிடக்க, கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயோடு இணைந்திருப்பதை வைத்தியர்கள் கண்டறிந்தனர். ஏறக்குறைய 3,000 முதல் 4,500 வரையான பிறப்புகளில் ஒன்றுக்கு இக்குறை நேர்வதுண்டு. முன்னாளில் இத்தகைய மகவுகள் சின்னாட்களில் மடிவதே வழக்கம். 1941 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கமரன் ஹெயிற் என்னும் வைத்தியர், துண்டுபட்ட இரு முனைகளையும் ஒரே சத்திரசிகிச்சையிற் பொருத்தி ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். அன்று அரிய செயலாயிருந்தது, இன்று எம் நாட்டு வைத்தியசாலைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது.

சத்திரசிகிச்சை நன்கே முடிந்தது. ஆயினும், குறைமாதத்திற் பிறந்த மகவாதலின், உறிஞ்சிக் குடிக்கும் வலிமை அதற்கு இல்லை. நான்கு முறை சப்பினாற் களைத்து உறங்கிவிடும். ஆகவே மூக்கின் வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயொன்றுடனே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினர். அதற்கு முன்னர் தங்கையையும் எம்மையும் அருகே நிறுத்தி, தாதியொருவர் பாலூட்டும் முறையைக் கற்பித்தார். அவர் சிங்களப் பெண்மணி. தமிழ் சிறிதே அறிவார். சிறிஞ்சின் உந்துதண்டை உருவி எடுத்துவிட்டு, வெறுங்குழலைக் குழாயிற் பொருத்தி, அதனுட் பாலை ஊற்றிக் கையை உயர்த்திப் பிடித்தார். கை உயர்ந்தாற் பால் விரைந்து இறங்கும். தாழ்ந்தால் மெல்ல இறங்கும். "ஹெமின், சேர், ஹெமின்" என்றார். 'மெதுவாக' என்பது அதன் பொருள்.

ஒரு வாரம் குறைவின்றிக் கழிந்தது. இரவெல்லாம் மூன்று மணிக்கு ஒருமுறை விழித்த தங்கை, ஒரு காலையில் அயர்ந்து உறங்கிவிட்டாள். அவளை எழுப்ப மனமின்றி நாமே பாலூட்ட அமர்ந்தோம். கண்டிக்குச் செல்லும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. கல்லூரியில் முதற்பாடம் எம்முடையது. பாலோ சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. பொறுமை இழந்தோம். உந்துதண்டைச் செருகி அழுத்தினோம். மறுகணமே பிள்ளை இருமிற்று. கடைவாயிற் பால் வழிந்தது. உதடு நீலம் பாரித்தது. குழாயை நெரித்துப் பிடித்துப் பிள்ளையைப் பக்கவாட்டிற் சாய்த்தோம். மீண்டும் அழுகுரல் கேட்கும் வரையில் எமக்கு உயிர் இல்லை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். மார்பிற் பால் இறங்கவில்லை என வைத்தியர் உறுதி கூறிய பின்னரே தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தோம். "அண்ணா, என்னை எழுப்பியிருக்கலாமே" என்றாள். அவ்வளவே. வைதிருந்தாலும் தாங்கியிருப்போம்!

அன்றுமுதல் நாம் மாணவரானோம். ஊட்டுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவினோம். மூக்கின் அருகே குழாயில் இட்ட குறி இடம் பெயர்ந்துளதா என நோக்கினோம். இரைப்பை நீரிற் சிறிது எடுத்துச் சோதனைத் தாளில் இட்டு, 5.5 அல்லது அதற்குக் குறைவான எண்ணைக் காட்டும் புளிப்பு உண்டா எனப் பார்த்த பின்னரே பாலைத் தொட்டோம். ஐயமிருப்பின் ஊட்டாது வைத்தியசாலையை நாடினோம். குழாய் கழன்றால் வீட்டிற் செருகுதல் ஆகாது; தைத்த இடம் புண்படும் என அஞ்சவேண்டும். பிள்ளையின் தலையை உயர்த்தி வைத்தோம்; ஊட்டியபின் அரைமணி நேரம் அவ்வாறே வைத்திருந்தோம்.

இவற்றினும் பெரிதொன்றைத் தங்கையிடம் கற்றோம். பால் குழாய்வழி செல்கையில் அவள் பிள்ளையை மடியிற் கிடத்தி, கழுவிய விரலைச் சப்பக் கொடுப்பாள். முகம் நோக்கிப் பேசுவாள். வயிறு நிறைவதும் வாய் சுவைப்பதும் தாயின் அணைப்பும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதைப் பிள்ளை மறந்துவிடலாகாது எனத் தாதி சொல்லியிருந்தாராம். அவ்வாறு மறந்த பிள்ளைகள், குழாயை எடுத்த பின்னரும் உணவை வெறுத்து ஒதுக்குவதுண்டு.

தாயின் அருகிருப்பும் மருந்தே என்பதை மேலைநாட்டாரும் எளிதில் உணர்ந்தாரல்லர். 1952 இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பார், வைத்தியசாலையிற் பெற்றோரைப் பிரிந்து எட்டு நாள் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியின் துயரைத் திரைப்படமாக்கிக் காட்டினார். 1959 இல் வெளியான பிளற் அறிக்கை, தடையின்றிப் பெற்றோரை அனுமதிக்குமாறும், இளங்குழந்தையோடு தாயும் தங்க இடமளிக்குமாறும் பிரித்தானிய வைத்தியசாலைகளுக்கு எடுத்துரைத்தது. எம் நாட்டிற் கட்டிலருகே கதிரையில் அமர்ந்தபடி இரவைக் கழிக்கும் தாய்மாரைக் காணும்போது, அவர்கள் வெறுங்காவலர் அல்லர், தாதியரின் துணைவர் என்பதை யாம் உணர்தல் வேண்டும். அவர்தம் உறக்கத்துக்கும் உணவுக்கும் வழி செய்தல் உறவினராகிய எமது கடமை.

தங்கையின் இல்லத்து விறாந்தையில் நின்றால் விக்டோரியா நீர்த்தேக்கம் தோன்றும். பழைய தெல்தெனிய நகர் அந்நீரின் கீழே உறங்குகின்றது. 1985 இல் திறக்கப்பட்ட அணை, அத்துணைப் பெருநீரையும் தேக்கி வைத்து அளவோடு விடுகின்றது. சிறிஞ்சுக் குழலை ஏந்தியபடி அந்நீரை நோக்கி நின்ற காலைகள் பல.

மூன்றாம் மாதத்திற் குழாய் நீங்கிற்று. ஏழாம் மாதத்தில், வைத்தியரின் அனுமதியோடு, கண்டி கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்திற் சோறூட்டினோம். குழையப் பிசைந்த பாற்சோற்றை அம்மா விரல்நுனியில் எடுத்தார்கள். பேத்தி வாய் திறந்த மகிழ்ச்சியில், இரண்டாம் பிடியையும் உடனே கொடுக்க முனைந்தார்கள். நாம் அவர்களின் கையைப் பற்றினோம்.

"ஹெமின், அம்மா. முதற்சோறு இறங்கட்டும்."