கையில் கேட்ட சத்தம்

“ஏங்கண்ணு, வண்டி ஏன் குனிஞ்சு நிக்குது?”

வாசலில் நின்ற 2012 மாடல் ஸ்விஃப்ட்டைப் பார்த்து அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். மகன் பதில் சொல்லாமல் சாவியை ஆணியில் மாட்டினான். காருக்கு ஸ்பிரிங் மாற்றி 35 மில்லிமீட்டர் கீழே இறக்கியிருந்தான். இரண்டு மாதச் சேமிப்பு அதற்குப் போயிருந்தது. கார் அப்பாவுடையது. அவரிடம் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் இது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்க்கப் போய்விட்டுத் தன் வீட்டு மாருதியை வேறு கண்ணால் பார்க்கும் பையன்கள் ஊரில் நிறைய. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர் என்பதும் ஒரு காரணம். வண்டி தாழ்ந்தால் புவியீர்ப்பு மையம் தாழும், வளைவில் சாய்வு குறையும். அது உண்மைதான். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைந்தால் வண்டி அழகாகத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய உண்மை. பையன்கள் முதல் காரணத்தைச் சொல்லி இரண்டாவது காரணத்துக்காகச் செய்வார்கள்.

இவனாவது ஒழுங்கான ஸ்பிரிங் வாங்கினான். இருக்கிற ஸ்பிரிங்கையே கிரைண்டரால் ஒரு சுற்று வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. அது வண்டியைத் தாழ்த்துவதல்ல, சக்கரத்தைச் சூதாட்டத்தில் வைப்பது.

மூன்றாம் நாள் சத்தம் வந்தது.

முதலில் ஒன்று. வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது, முன்னால் எங்கிருந்தோ வீணைக் கம்பியைச் சுண்டியது மாதிரி “டொய்ங்”. ஒரு வாரத்தில் இன்னொன்று: ஒண்டிப்புதூர் பக்கம் தோண்டி மூடிய ரோட்டில் போனால் “கட கட கட”. பிறகு காலை நேரத்தில் மட்டும் பழைய கட்டில் போல ஒரு “கிரீச்”. கடைசியாக, வீட்டில் எல்லோரும் ஏறிப் போனால் வேகத்தடையில் பின்பக்கம் “தட்”.

அந்தக் கடைசிச் சத்தத்தில்தான் வீடு விழித்துக்கொண்டது. வளைகாப்பு முடிந்து எட்டாம் மாதத்தில் அக்கா பிறந்த வீடு வந்திருந்தாள். செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில் 11 வேகத்தடைகள். “தட்” என்று விழும் ஒவ்வொரு முறையும் அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் திரும்பி வந்ததும் சொன்னாள்: “அடுத்த தடவை ஆட்டோ கூப்பிட்டுக்கலாம்.”

சொந்த வீட்டில் கார் நிற்க, அக்கா ஆட்டோவில் பிரசவத்துக்குப் போவதா? பையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஸ்பிரிங் மாட்டிய பட்டறைக்குப் போனான். “புது ஸ்பிரிங் தம்பி, போகப் போக செட் ஆயிரும்” என்றார்கள். இரண்டாவது பட்டறையில் ஷாக் அப்சார்பர் போச்சு, நாலும் மாற்றணும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஸ்டீயரிங் ராக். மூன்று பட்டறை, மூன்று பில் கணக்கு. யாரும் சக்கரத்துக்குள் குனிந்து பார்க்கவில்லை.

சத்தத்தை மட்டும் நம்பி இடம் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். காரின் உடம்பு முழுக்க ஒரே தகரக் கூடு. இடது சக்கரத்தில் பிறக்கும் சத்தம் இரும்பு வழியே ஓடி டேஷ்போர்டுக்குக் கீழே கேட்கும். பின்னால் தட்டுவது முன்னால் தட்டுவது போலிருக்கும். போனில் ரெக்கார்டு செய்து நண்பர்களுக்கு அனுப்பினான். ஆளுக்கொரு பாகத்தின் பெயர் வந்தது.

அப்பாவிடம் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கேட்கவும் முடியாது என்பதுதான் நினைப்பு. ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் ரிங் ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவர். அந்த இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை முதலில் மெல்லிய, கூர்மையான ஒலிகளைத்தான் பறிக்கும். குக்கர் விசில், கொலுசு, பேத்தி மழலை எல்லாம் அதில் போய்விடும். வீட்டில் எல்லோரும் அவரிடம் பேச வேண்டியதை மட்டும் சத்தமாகப் பேசி மற்றதை விட்டுவிடப் பழகியிருந்தார்கள். கார் சத்தம் போடுகிறது என்பதே அவருக்கு அம்மா சொல்லித்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“வண்டிய ஸ்டார்ட் பண்ணு. ஹேண்ட் பிரேக் போடு. நாஞ் சொன்னா மட்டும் ஸ்டேரிங்கத் திருப்பு. மெதுவா.”

“உங்களுக்குக் கேக்காதுங்கப்பா.”

அது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை உள்ளே நுழைத்து, ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையைச் சாத்தி வைத்தார். விரலைச் சுற்றுகளுக்கு இடையில் விடவில்லை. மில்லில் பேரிங் பார்த்த கை அது. காது போன பிறகு பத்து வருஷம் அவர் மெஷினைக் கையால்தான் கேட்டார்.

“திருப்பு.”

டொய்ங்.

“இன்னொருக்கா.”

டொய்ங்.

எழுந்து வலது பக்கம் போனார். அங்கேயும் கை வைத்துப் பார்த்தார். திரும்ப இடது பக்கம் வந்தார். பிறகு டார்ச்சைக் கொண்டுவரச் சொல்லி மகனைக் கீழே உட்கார வைத்தார்.

முன்சக்கரத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும். ஸ்டீயரிங் திரும்பினால் அந்தத் தூண் மொத்தமும் சுழலும். மேலே ஒரு பேரிங் அதற்கு வழி விடும். ஸ்பிரிங்கின் கீழ்நுனி உட்கார, கீழ்த்தட்டில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். நுனி அந்தப் படியை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வலது பக்கம் அப்படித்தான் நின்றது. இடது பக்கம் நுனிக்கும் படிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. தட்டு திரும்பும்போது ஸ்பிரிங் கூடவே திரும்பாமல் முரண்டு பிடிக்கிறது, முறுக்கேறுகிறது, தாங்காத இடத்தில் துள்ளிச் சேர்கிறது. அந்தத் துள்ளல்தான் டொய்ங்.

“வச்சவன் அவசரத்துல வச்சிருக்கான்” என்றார் அப்பா. அவ்வளவுதான். வேறு திட்டு இல்லை. திட்டியிருந்தால் பையனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் இருவரும் சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் பழைய மில் சிநேகிதரிடம் போனார்கள். இந்த ஸ்பிரிங்கைச் சரியாக உட்கார வைக்கத் தூணையே கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு இறுக்கித்தான் மேல் நட்டைத் தொடலாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் கையோ தாடையோ போய்விடும். வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அது முடிந்ததும் டொய்ங் நின்றது. கட கட நிற்கவில்லை.

இங்கே பையன் ஒன்றைக் கவனித்தான். பெரிய வேகத்தடையில் அந்தச் சத்தம் வருவதில்லை. இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் வண்டி சும்மா இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சின்னக் குழியில் இறங்கினால்தான் கட கட. அதை அப்பாவிடம் காது அருகே போய்ச் சொன்னான். அவர் முகம் மாறியது. “அப்படிச் சொல்லு! அதைத்தான மொதல்ல சொல்லோணும்!”

இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது ஒரு குறுக்குக் கம்பி. அதன் இரண்டு முனையிலும் லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் சேர்ந்து அசைந்தால் லிங்க் ராடுக்கு அதிக வேலையில்லை. தனித்தனியே அசைந்தால்தான் இழுபடும். இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி, பட்டறைத் தெருவில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. திரும்ப மாட்டினார்கள். கட கட. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

80,000 கிலோமீட்டர் ஒரே கோணத்தில் தேய்ந்த மூட்டு அது. வண்டி தாழ்ந்ததும் கோணம் மாறி, தேய்ந்த இடம் தளர்ந்துவிட்டது. புது ஸ்பிரிங் அதைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே கெட்டிருந்ததைக் காட்டிக் கொடுத்தது. நாலு ஷாக் அப்சார்பர் மாற்றச் சொன்ன பில்லில் சின்னப் பங்குகூட ஆகாத செலவில் ஒரு ஜோடி லிங்க் ராடு வாங்கிப் போட்டார்கள்.

கிரீச் சத்தம் முழுக்க மகன் கண்டுபிடித்தது. அந்த ஒலி அப்பாவின் காதிலும் விழாது, கைக்கும் எட்டாது. சந்தேகம் வந்த ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷின் மேலும் பாட்டிலால் தண்ணீர் பீய்ச்சி, வண்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். வலது லோயர் ஆர்ம் புஷ் நனைந்ததும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கியது. காய்ந்ததும் வந்தது. காரணத்தை அப்பா சொன்னார். ஸ்பிரிங் மாற்றும்போது லோயர் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஜாக்கியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி முறுக்கியும் விட்டார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டது. பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரமும் தரையில் எடை தாங்கி நிற்கும்போது போல்ட்டைத் தளர்த்தித் திரும்ப முறுக்கினார்கள். பத்து நிமிஷ வேலை. அப்படியே வீல் அலைன்மென்ட்டும் பார்த்தார்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். பார்க்காமல் விட்டால் டயர் ஓரமாகத் தேய்ந்துபோகும்.

வீடு திரும்பும்போது அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

“சத்தம் இருக்குதா?”

“இல்லீங்கப்பா.”

“எனக்கும் இல்ல.”

ஆனால் நாலாவது சத்தம் பாக்கி இருந்தது. சாயங்காலம் அக்காவையும் அம்மாவையும் பின்னால் உட்கார வைத்து, தெருமுனை வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கினார்கள். தட். அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. அவர்களை இறக்கிவிட்டு அதே வேகத்தடையில் மகன் தனியாகப் போய் வந்தான். சத்தமில்லை.

இதில் ரிப்பேர் செய்ய எதுவுமில்லை. ஸ்பிரிங் அமுங்குவதற்கு ஓர் அளவு இடம் உண்டு. அந்த இடம் தீர்ந்தால் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையில் போய் இடிக்கும். வண்டியை 35 மில்லிமீட்டர் தாழ்த்தியபோது அந்த இடத்திலிருந்துதான் 35 மில்லிமீட்டர் போனது. ஒருத்தன் போனால் மிச்சம் இருக்கிறது. குடும்பம் ஏறினால் இல்லை. தரைக்கும் வண்டிக்கும் நடுவே கம்பெனி கொடுத்த 170 மில்லிமீட்டரும் 135 ஆகிவிட்டது. இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் அதற்கேற்ற அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பிழைக்கலாம். நம் தெருக்களில் ஜல்லி மிஞ்சிய அளவுக்கு வேகத்தடை. சட்டமும் இந்த விஷயத்தில் தாராளமில்லை. கம்பெனி பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு.

அப்பா இதையெல்லாம் சொல்லவில்லை. “இது சத்தமில்ல கண்ணு, எடம் பத்தல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்று இரவு பையன் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். வண்டி அழகாகத்தான் இருந்தது. தெருவிளக்கில் இன்னும் அழகாக.

அடுத்த ஞாயிறு பரண் மேலிருந்து பழைய ஸ்பிரிங்குகளை அவனே இறக்கினான். யாரும் சொல்லவில்லை. மறுபடி சிங்காநல்லூர். இந்த முறை நுனி படியில் முட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் விரல் விட்டுப் பார்த்தது அவன்தான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார்.

செவ்வாய்க்கிழமை செக்கப். 11 வேகத்தடைகளும் வந்தன, போயின. ஏழாவது தாண்டும்போது அக்கா தூங்கியிருந்தாள்.

கழற்றிய சிவப்பு ஸ்பிரிங்குகளை விற்றுவிடலாம் என்று பையன் விலைக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பரணில் பார்த்தால் அவை கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டப்பட்டிருந்தன. மேலே சாக்பீஸில் அப்பாவின் கோணல் எழுத்து: முன் இடது, முன் வலது, பின் இரண்டு.