எர்த் கிடைக்காத ஊசி

அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து பாறசாலைக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகள். பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும். உள்ளே நடக்கும் பேச்சில் பாதி தமிழ். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை விழுந்தாலும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கத்து ஆசான்மாரைத் தேடி வருவது நிற்கவில்லை.

அப்படியோர் ஆசானின் ஒர்க்‌ஷாப்புக்கு நான் போயிருந்த அன்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு டீசல் அம்பாசடர் வந்திருந்தது. ஓட்டி வந்தவர் வாடகைக் கார் ஓட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் போவதற்குள் ஹீட் மீட்டர் ஊசி சிவப்பைத் தொடுகிறது என்பது அவருடைய கவலை. வேறோர் இடத்தில் ரேடியேட்டரைக் கழுவியாயிற்று, சென்சாரை மாற்றியாயிற்று, தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிப் போட்டாயிற்று. இனி எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

ஆசான் பானெட்டைத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஊசி மெல்ல, நிதானமாக ஏறியது. அந்த நிதானத்திலிருந்தே உள்ளே இருப்பது இருவகை உலோகத் தகடு என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மீட்டருக்குள் ஒரு கம்பிச் சுருள் சூடாகி, தகட்டை வளைத்து, ஊசியைத் தள்ளும். சூடேற நேரம் பிடிப்பதால் ஊசி துள்ளாது.

“அண்ணாச்சி, டேங்குல டீசல் எவ்வளவு கெடக்கு?”

“கொறவாத்தான். காலையில கொஞ்சமா அடிச்சேன்.”

“மீட்டரு முக்காலுக்கு மேல காட்டுதே.”

இந்த ஒரு கேள்விக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும். டீசல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒரே நேரத்தில் கூட்டிக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் கொடுக்கும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினையோ டேங்கையோ அல்ல. மீட்டர் போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி, ஸ்டெபிலைசர், இருக்கிறது. பேட்டரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட்டே போகும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதற்குள்ளும் சூட்டில் வளையும் தகடுதான். வளைந்தால் தொடர்பு விடும், ஆறினால் சேரும். பெட்டிக்கு எர்த் கிடைக்காமல் போனால் தகடு சூடாகாது, தொடர்பு விடாது, முழு 12 வோல்ட்டும் மீட்டர்களில் பாயும். அப்போது பச்சைத் தண்ணீரும் கொதிப்பதாகத் தெரியும்.

பெட்டியின் வெளிமுனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். விட்டு விட்டு எரிய வேண்டிய பல்பு அணையாமல் நின்று எரிந்தது. டிஜிட்டல் மல்டிமீட்டர் பக்கத்திலேயே இருந்தும் அதை எடுக்கவில்லை. ஸ்டெபிலைசர் சரியாக இருந்தால் அதில் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். கண்ணுக்குப் பல்பின் துடிப்பு போதும் என்றார். பெட்டியைப் பிடித்திருந்த ஸ்குரூவைக் கழற்றினால் துரு. அரத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் பல்பு துடிக்கத் தொடங்கியது. இரண்டு ஊசிகளும் இறங்கின.

வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆசானுக்கு அப்படி இல்லை. ஊசி இறங்கியதால் மட்டும் அது காட்டுவது உண்மையாகிவிடாதே. எஞ்சினிலிருந்து புது சென்சாரைக் கழற்றி, கம்பியில் கட்டி, அடுப்பில் வைத்த பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டார். கூடவே ஒரு தெர்மாமீட்டர். வேலை பழகும் பையன் மல்டிமீட்டரைப் பார்த்து ஓம் கணக்கை நோட்டில் எழுதினான். பச்சைத் தண்ணீரில் பல நூறு ஓம். கொதிநிலையை நெருங்க நெருங்கச் சில பத்து ஓம். சூடாக்கினால் மின்தடை குறையும் இந்தக் குணத்தை வெள்ளி சல்பைடில் மைக்கேல் ஃபாரடே கண்டது 1833இல். அவர் எழுதி வைத்ததை இந்தப் பையன் பாறசாலைச் சாலையோரத்தில் தன் கையால் திரும்பக் கண்டுகொண்டிருந்தான். ஒவ்வொரு தொழிற்பயிற்சிக்கூடத்திலும் இந்தப் பாத்திரமும் அடுப்பும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணாச்சியின் பழைய சென்சாரையும் அதே தண்ணீரில் இறக்கினார்கள். அதுவும் ஒழுங்காகவே இறங்கியது, ஆனால் கணக்கு வேறு. மீட்டரும் சென்சாரும் ஜோடி. வேறு வண்டியின் சென்சார் மரையில் கச்சிதமாக ஏறிவிடலாம், ஊசி மட்டும் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே காட்டும். ஆகவே பழையதே திரும்ப ஏறியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையை நிறுத்திவிட்ட பிறகு, இப்படிப் பொருந்தும் ஒரு ஜோடியைப் பிரிப்பது பாவம். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியும், வண்டி பெரிதாக மாற்றப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

சென்சார் ஒயரை எஞ்சினில் தொட்டுப் பார்க்கும் சோதனையைப் பையனுக்கு அப்போதுதான் கற்றுக்கொடுத்தார். ஒயரைக் கழற்றினால் ஊசி குளிர்ந்த பக்கம் விழ வேண்டும், எஞ்சினில் தொட்டால் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். “தொட்டதும் எடுத்திரணும் மக்கா. வச்சிட்டே நின்னா உள்ள சுருளு கரிஞ்சு போவும்.”

மின்சாரத்தில் ஓடும் இந்த ஹீட் மீட்டர்களுக்கும் முந்தைய வகை, மெல்லிய செம்புக் குழாய்க்குள் ஈதர் அடைத்த மீட்டர். அதற்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் குழாய் ஒடிந்தால் போயிற்று. ஈதர் 35 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், நம் வெயிலில் நிற்குமா? ஆசானின் குரு பூவாற்றிலிருந்து மீன் ஐஸ் வாங்கி, கல்லுப்பு போட்டு, அதற்குள் குழாய் முனையின் ஈதர் குமிழை அமுக்கி வைத்துக்கொண்டு குழாயை ஒட்டவைப்பாராம். இன்று அதைச் செய்ய இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று சொன்னபோது ஆசான் குரல் கம்மியது.

கடைசி வழக்கு வால்வைப் பற்றி.

“நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்குவே?” என்றார் அண்ணாச்சி.

பலரும் அப்படித்தான் கழற்றிப் போடுகிறார்கள், அது தவறு. வால்வு இல்லாத எஞ்சின் காற்றோட்டமான சாலையில் உரிய சூட்டுக்கே வராது. டீசல் சரியாக எரியாது, புகை தள்ளும், தேய்மானம் கூடும். ஆசான் இதையெல்லாம் சொல்லவில்லை. 82 என்று பொறித்த ஒரு வால்வை அதே பாத்திரத்தில் போட்டார். தெர்மாமீட்டர் எண்பதைத் தாண்டியதும் அது மெதுவாக வாய் திறந்ததை அண்ணாச்சி குனிந்து பார்த்தார். மாட்டிவிடச் சொன்னார்.

எல்லாம் பூட்டி, மூடி திறந்த ரேடியேட்டரில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு எஞ்சினை ஓடவிட்டார்கள். எண்பதில் ஊசி நின்ற இடத்தில் மீட்டர் கண்ணாடி மேல் ஒட்டிய டேப்பில் ஒரு கோடு. பிறகு களியக்காவிளை வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

“கோட்ட விட்டு ரொம்பத் தள்ளிப் போச்சா?”

“இல்ல. ஒட்டியேதான் நின்னுது.”

“அப்பம் அந்த எர்த் ஸ்குரூவுல கொஞ்சம் கிரீஸ் வச்சுத் தாறேன். இடவப்பாதி மழைக்கு முன்ன ஒருக்கா கொண்டு வந்து காட்டுங்க.”