கார்வை

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் செல்லும் மின்ரயில் பத்து தீகா என்னும் நிலையத்தில் நின்று செல்கிறது. அவ்வட்டாரத்தில் 1968-இல் திறக்கப்பெற்ற ஓட்டக்களம் ஒன்று இருந்தது. 2003-இல் அது இடிக்கப்பட்டது. ஷா ஆலாம் களம் எனப் பின்னாளில் பெயர் பெற்ற அங்கேதான் 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடைபெற்றன. பிற்பகல் மழை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. ஈரத் தரையில் டயர் வழுகும் அச்சத்தைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கப்சாய் ஓட்டிச் செல்வோர் நன்கறிவர். 130 கிலோ எடையும் ஏறத்தாழ 170 குதிரைத்திறனும் உடைய பந்தய வண்டியிலோ, அந்த அச்சம் உயிரச்சமே ஆகும்.

அக்காலத்து 500 சி.சி. பந்தய வண்டிகளில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. இருவீச்சு என்ஜின் ஆதலின், சுழல்தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் நான்கும் வெடித்தாக வேண்டும். ஹோண்டாவின் என்ஜினில் அவை இரண்டிரண்டாக, அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெடித்தன. 1992-இல் ஹோண்டா பொறியியலாளர் இவ்வரிசையை மாற்றினர். நான்கு வெடிப்புகளும் ஏறத்தாழ 70 பாகைக்குள் நெருங்கி முடிந்தன. எஞ்சிய சுற்று முழுவதும் ஓய்வு.

தவில் அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கால அளவில் நான்கு அடிகளைச் சமமாகப் பரப்பியும் வாசிக்கலாம். நான்கையும் நெருக்கி முடித்து, எஞ்சிய காலத்தை ஓசையின்றி விடவும் செய்யலாம். அவ்விடைவெளியைக் கார்வை என்பர். ஓயாது உந்தப்படும் டயர் வழுகத் தொடங்கினால் மீளப் பொழுதின்றி வழுகிக்கொண்டே போகும். கார்வை கிடைத்தால் மீண்டும் தரையைப் பற்றும். அன்று பெரும்பாலோர் ஏற்ற விளக்கம் இதுவே.

அவ்வாண்டு மார்ச்சில், ஜப்பானின் சுசுகா களத்தில் மழையிலேயே முதல் சோதனை வாய்த்தது. ஆஸ்திரேலியரான மிக் டூஹன் புதிய என்ஜினுடன் வென்றார். அதே நிறுவனத்தின் வண்டியை ஓட்டிய வேய்ன் கார்ட்னரோ, அதே ஈரத்தில் விழுந்து கால் முறிந்தார். கார்வை டயருக்குத் துணை நிற்கும்; விழுவாரைத் தாங்கிப் பிடிக்காது. அடுத்து ஆஸ்திரேலியாவிலும், அதன்பின் ஷா ஆலாமிலும் டூஹனே முதலிடம் பெற்றார். யமஹா, சுசுகி நிறுவனங்கள் அவ்வாண்டிலேயே இம்முறையைப் பின்பற்றின.

ஜூன் மாதம் நெதர்லாந்தின் அஸ்ஸன் களத்தில் டூஹனும் விழுந்தார். கால் முறிந்தது, அதை இழக்கும் நிலையும் நெருங்கியது. உலகப் பட்டம் நான்கே புள்ளிகளில் வேய்ன் ரெய்னிக்குப் போயிற்று.

1994 முதல் தொடர்ந்து பட்டம் வென்ற டூஹன், 1997-இல் வியப்பூட்டும் செயலொன்றைச் செய்தார். கார்வை இல்லாத பழைய என்ஜினையே கேட்டு வாங்கினார். அவ்வாண்டு நடந்த 15 பந்தயங்களில் 12-ஐ வென்றார்.