மஞ்சள் விளக்கு அணைந்தது மதுராந்தகத்தில்!

எங்கள் வீட்டு டீசல் காருக்கு ஒரு மாதமாகவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் அது. மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குப் பாட்டியை பிசியோதெரபிக்கு அழைத்துப் போய் வருவதுதான் அதன் முழுநேர வேலை. போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். அதிலும் பாதி நேரம் சிக்னலில் நிற்கும். ஒரு சனிக்கிழமை மாலை டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. சின்னப் பெட்டிக்குள் புள்ளிப் புள்ளியாக ஏதோ படம்.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "டி.பி.எஃப். அடைச்சிருக்கு சார். புதுசு மாத்தினா லட்சத்தைத் தாண்டும்." அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே இன்னொரு வழியும் சொன்னார். "உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு சாஃப்ட்வேரை மாத்திட்டா, இந்த லைட் இனி வரவே வராது."

அப்பா யோசித்தார். உண்மையைச் சொன்னால், நானும் யோசித்தேன். அம்மாதான் வெடித்தார். "அந்தப் புகையை நம்ம பின்னாடி ஸ்கூட்டர்ல வர்ற பிள்ளைங்க மூஞ்சியில விடணுமா? எனக்கே வீசிங்!"

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு வரும் டீசல் கார்களில் இந்த ஃபில்டர் இருக்கிறது. சைலன்சர் பாதையில் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டை. புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை எரித்துச் சாம்பலாக்க, சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் காரில் இது தானாக நடந்துவிடும். தேவைப்பட்டால் கம்ப்யூட்டரே கூடுதலாக டீசல் செலுத்திச் சூடேற்றும். நாமோ அது எரித்துக்கொண்டிருக்கும்போதே வீடு வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். தினமும் பாதியில் நின்றால் கரி சேராமல் என்ன செய்யும்?

கார் மேனுவலை முதல்முறையாகப் பிரித்துப் படித்தேன். விளக்கு மஞ்சளாக, விட்டு விட்டு மின்னாமல் எரிந்தால், சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போதும். மின்னினாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ நேராக சர்வீஸ் சென்டர்தான். எங்களுடையது மின்னவில்லை. "அப்படின்னா வேடந்தாங்கல் போகலாமே, சீசன்தானே?" என்றார் பாட்டி.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் பல கார்களில் இந்த எரிப்பே தொடங்காது என்பதால், தாம்பரத்தில் முதலில் டீசல் போட்டோம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் தாண்டும்வரை பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தோம். மறைமலை நகருக்குப் பிறகுதான் சாலை விரிந்தது. 80-ல் நிலையாக வைத்தேன். ஐந்தாவது கியருக்குப் பதில் நான்கு. இன்ஜின் கொஞ்சம் உழைத்தால்தான் சூடு ஏறும்.

பரனூர் டோல்கேட் வரிசையில் நின்றபோது ஒரு வித்தியாசம். சும்மா நிற்கும்போதே ஆர்.பி.எம். முள் வழக்கத்தைவிட மேலே இருந்தது. லேசாகச் சூட்டு வாசனை. "கார் எரியுதாடா?" என்று அம்மா பதறினார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, கரிதான் எரிகிறது என்றேன். மனதுக்குள் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருட்டு விலகித் தெரிந்தது. பாலாற்றுப் பாலத்தில் சூரியன் எழுந்தது. வேடந்தாங்கலுக்குத் திரும்ப வேண்டிய படாளம் வந்தும், விளக்கு அப்படியே. "திரும்பாதே, நேரா போ" என்றார் அப்பா. கருங்குழி தாண்டியது. யாரும் பேசவில்லை. லட்ச ரூபாய் எல்லோர் மனதிலும் ஓடியிருக்கும். மதுராந்தகம் ஏரிக்கரை அருகே பாட்டிதான் முதலில் பார்த்தார். "அந்த மஞ்சள் எங்கடா?"

காணவில்லை!

நேராக ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போனோம். வெள்ளத்தில் ஏரிக்கரை உடையும் என்று பயந்த ஓர் இரவில், ராமரும் லட்சுமணரும் கரையில் காவல் நின்றதை ஆங்கிலேயக் கலெக்டர் லியோனல் பிளேஸ் கண்டார் என்பது இந்தக் கோயிலின் கதை. வேடந்தாங்கல் கதையிலும் அதே கலெக்டர்தான் வருகிறார். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊர்மக்கள் முறையிட, 1790-களில் அவர்தான் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். மக்கள் முறையிட்டதற்குக் காரணம், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது. இரண்டு ஊர்களையும் ஒரே காலையில் பார்ப்போம் என்று நாங்கள் திட்டமே போடவில்லை.

இட்லி சாப்பிட்டுத் திரும்பி, வேடந்தாங்கலுக்குள் நுழைந்தபோது மணி எட்டரை. சாலையோரம் காய்ந்த புல்மேல் நிறுத்தப் போனவனை அப்பா தடுத்தார். சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், புல் பற்றிக்கொள்ளலாம். தார்த்தரையில் நிறுத்தினோம். கடம்ப மரங்கள் முழுக்க நத்தைக்குத்தி நாரைகள், கரண்டிவாயன்கள், ஓரமாகச் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்கள். பாட்டிக்கு வாட்ச் டவர் ஏற முடியவில்லை. கரையில் நடந்தே இரண்டு கூழைக்கடாக்களைக் கண்டுபிடித்தார்.

திங்களன்று மெக்கானிக் அண்ணனிடம் ஆயிலைப் பார்க்கச் சொன்னோம். பாதியில் நின்ற எரிப்புகளால் டீசல் கலந்து, ஆயில் அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. இந்த ஃபில்டருக்கான, சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும் என்று அப்பா அடித்துச் சொல்லி மாற்றினார். எரியாத சாம்பல் என்றைக்காவது நிரம்பி, அந்தச் செலவு வரத்தான் செய்யும். அதைத் தள்ளிப்போட, மாதம் ஒரு ஞாயிறு நெடுஞ்சாலை என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் திண்டிவனம் வரை போகலாம் என்றேன். வழியில் மேல்மருவத்தூரையும் அம்மா சேர்த்துவிட்டார்.