பத்ரா முனையில் ஒரு படிப்பு ஊர்

தில்லிக்குப் போகிறவர்கள் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் பார்த்துவிட்டு, கரோல்பாகில் நாலு புடவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். முகர்ஜி நகரைப் பார்க்க யாரும் போவதில்லை. என் தங்கை அங்கே குடியிருப்பதால் எனக்குப் பதினைந்து நாள் பார்க்கக் கிடைத்தது.

மெட்ரோவில் மஞ்சள் லைனில் ஏறி, குரு தேக் பஹதூர் நகரில் இறங்க வேண்டும். அந்த இடத்துக்குப் பழைய பெயர் கிங்ஸ்வே கேம்ப். 1947 பிரிவினையின்போது ஓடி வந்த குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கிய இடம். ஐந்தாம் ஜார்ஜ் 1911-ல் தர்பார் நடத்தி, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு வருகிறது என்று அறிவித்த மைதானமும் இங்கிருந்து கிட்டத்தான். ஸ்டேஷன் வாசலில் பாட்டரி ரிக்ஷாக்காரரிடம் "பத்ரா" என்று சொன்னால் போதும். அது ஒரு சினிமா தியேட்டர். படம் ஓடுவது நின்று வருஷக்கணக்காகிறது. பெயர் மட்டும் நாற்சந்தியில் ஓடிக்கொண்டிருக்கிறது!

அம்மாடி, என்ன கூட்டம்! பீஹார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். எல்லோர் முதுகிலும் பை. சர்க்கார் வேலைக்கான பரீட்சை எழுத வந்தவர்கள். சுவரில் காலி இடம் இல்லாமல் பயிற்சி வகுப்பு விளம்பரம். கணக்கு, சரித்திரம் எல்லாம் ஹிந்தியிலேயே படித்துவிடுகிறார்கள். இங்கிலீஷ் வார்த்தைகள்தான் எமன்.

நடைபாதைக் கடைகளில் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' அடுக்கடுக்காக இருக்கிறது. 1949-ல் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம், பீஹார்ப் பிள்ளைகளின் தலையணைக்கடியில் தூங்குகிறது. பக்கத்திலேயே காமில் புல்கேயின் இங்கிலீஷ்-ஹிந்தி அகராதி. பெல்ஜியத்தில் பிறந்து, 1935-ல் இந்தியாவுக்கு வந்து, ராஞ்சியில் ஹிந்தி கற்பித்த பாதிரியார் அவர். ராம கதையை ஆராய்ந்து அலகாபாத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1968-ல் வந்த அவர் அகராதியை இன்னும் கேட்டு வாங்குகிறார்கள்.

இன்னொரு ஆச்சரியம், நம்ம ஊர் 'ஹிந்து' பேப்பர்! 1878-ல் சென்னையில் பிறந்தது, இங்கே தினசரிப் பாடப்புத்தகம். ஒரு பேப்பரை நாலு பேர் பங்கு போட்டு வாங்கி, தலையங்கத்தில் தெரியாத வார்த்தைக்கெல்லாம் கோடு போடுகிறார்கள். சமையலறை அலமாரியில் விரித்தே பழகிய எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

இங்கிலீஷ் இங்கே வெறும் பாடமில்லை, வயிற்றுப்பாடு. 2011-ல் ஐ.ஏ.எஸ். முதல் கட்டப் பரீட்சையில் புதுத் தாள் ஒன்று வந்தது. அதில் கேள்விகளின் ஹிந்தி மொழிபெயர்ப்பைக் கேட்டால் சிரிப்பு வரும். 'ஸ்டீல் பிளான்ட்' என்பது 'இரும்புச் செடி' ஆகிவிட்டது என்று பிள்ளைகள் குமுறினார்கள். 2014-ல் இந்தத் தெருக்களில் பெரிய போராட்டமே நடந்தது. அதற்குப் பிறகு இங்கிலீஷ் பகுதி மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்ப்பதில்லை என்றார்கள். 2015-ல் அந்தத் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்றாக்கினார்கள். ஆனால் மற்ற மத்திய சர்க்கார் உத்தியோகங்களுக்கான பட்டதாரிப் பரீட்சை இருக்கிறதே, அதன் முதல் கட்டத்தில் நூறு கேள்விக்கு 25 இங்கிலீஷ்தான். ஒரு மணி நேரம். சரியானால் 2 மார்க்கு, தப்பானால் அரை மார்க்கு வெட்டு.

அந்த அரை மார்க்கில் அடிபட்டவள்தான் என் தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். மொட்டைமாடி ஒற்றை அறையை இங்கே 'பர்ஸாத்தி' என்பார்கள். கயா பக்கத்துக் கிராமம். வீட்டிலே மகஹி பேச்சு, பள்ளிக்கூடத்திலே ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றாவதுதான். புருஷன் சூரத்தில் வேலை. நாலு வயதுப் பிள்ளை மாமியாரிடம். "ரெண்டு வருஷம் பார்த்துக்கறேன், அதுக்கு மேலே முடியாது" என்று மாமியார் கெடு வைத்திருக்கிறார். அதில் ஒன்றரை போய்விட்டது. போன தடவை மற்றவை மூன்றும் நன்றாக வந்து, இங்கிலீஷ் கவிழ்த்துவிட்டது.

அவள் அறையைப் பார்க்க வேண்டுமே! எங்கு பார்த்தாலும் துண்டுச் சீட்டு. பருப்பு டப்பாமேல் 'ஃப்ரூகல்', சிக்கனம். கதவின் உள்பக்கம் 'ரிலக்டன்ட்', மனமில்லாத. கண்ணாடியில் 'வெயின்', வீண் பெருமை! ஒரு நாளைக்குப் பதினைந்து வார்த்தைதான். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பழைய சீட்டைத் திரும்ப எடுக்கிறாள். "நூறு நூறா படிச்சவங்க எல்லாம் நூறையும் மறந்துட்டாங்க, ஆன்ட்டிஜி" என்கிறாள். எனக்குப் புரிந்தது. மத்தியான வேளைகளில் ஹிந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா என்று நெட்டுருப் போட்டவள்தானே நானும்!

தெரிந்ததிலிருந்து தெரியாததைப் பிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. பல்லுக்கு ஹிந்தியில் 'தாந்த்', சம்ஸ்கிருதத்தில் 'தந்த', இங்கிலீஷில் 'டென்டல்'. 'நாம்' என்பது 'நேம்'. 'நாசி'யிலிருந்து 'நேஸல்', 'மாதா'வுக்கு 'மெடர்னல்'. எல்லாம் ஒரே பாட்டி வயிற்றுப் பேத்திகள்! பல சொல்லுக்கு ஒரு சொல் கண்டுபிடிக்கும் பயிற்சியும் ஹிந்தி இலக்கணத்திலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது 'அத்ருஷ்ய'. அதையே 'இன்விசிபிள்' என்று மாற்றி எழுதிக்கொள்கிறாள். எழுத்துக்கூட்டுதான் தொல்லை. ஹிந்தியில் சொல்கிறபடியே எழுதலாம். 'நாலெட்ஜ்' வார்த்தைக்கு முன்னால் கே எதற்கு? அதனால் 'க-நோவ்-லெட்-கே' என்று ராகம் போட்டு மனப்பாடம்.

மரபுத் தொடர்கள் படித்த அன்று நான்தான் துணை. ஒரு கல்லில் இரண்டு பறவை என்கிறான் வெள்ளைக்காரன். ஹிந்தியில் ஒரே அம்பில் இரண்டு வேட்டை. நாம் யாரையும் கொல்லாமல் இரண்டு மாங்காயோடு விட்டுவிடுகிறோம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே தேவநாகரியில் 'மாங்காய்' என்று சீட்டில் எழுதிக்கொண்டாள்.

சாப்பாடுதான் சகிக்கவில்லை. டிபன்காரர் கொண்டுவருவது காய்ந்த ரொட்டியும் தண்ணீர்ப் பருப்பும். பாதி நாள் டீயே ஆகாரம், சாயங்காலமானால் தலைவலி. நல்ல வேளை, ஊரிலிருந்து சத்து மாவு வருகிறது. வறுத்த கடலையை அரைத்த மாவு. தண்ணீர், உப்பு, எலுமிச்சை சேர்த்துக் கரைத்துக் குடிக்கிறாள். பசி தாங்கும், நம் வீட்டிலும் செய்யலாம். காலையில் டீக்கு முன்னால் அதைக் குடி, ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணை என்று சொல்லி வைத்தேன். முதலாவதைக் கேட்டாள்.

இந்தப் பேட்டை அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. 2023 ஜூனில் ஒரு பயிற்சிக் கட்டடத்தில் தீப்பிடித்து, பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கினார்கள். உங்கள் பிள்ளையை எங்கே படிக்க அனுப்பினாலும், வகுப்புக்கு இரண்டாவது மாடிப்படி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தினம் இரவு எட்டு மணிக்கு ஊரிலிருந்து போனில் பிள்ளை முகம் தெரியும். பாட்டியையே 'மா' என்று கூப்பிடுகிறான். அன்றைக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரி "உன் அம்மா எங்கேடா?" என்று கேட்டாளாம். "அங்க்ரேஜியிலே" என்றானாம். இங்கிலீஷ் என்பது ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது குழந்தை! சொல்லிச் சிரித்தவள், சட்டென்று எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள்.

நான் கிளம்பும்போது பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. மையமாகப் பாட்னாவைக் கேட்டு எழுதியிருக்கிறாள். அங்கிருந்து வீடு ஒரு ரயில் தூரம். முதல் நாளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு எழுதலாமே என்றேன்.

"வேண்டாம் ஆன்ட்டிஜி. முன்னாலே போனா முந்தானையை விட மாட்டான். எழுதிட்டுத்தான் போவேன்" என்றாள்.

என் தங்கை அவளுக்கு ஒரு டப்பா பருப்புப் பொடி கொடுத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால், அதன்மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.